சீவல் எப்படி விழுது, பாத்துட்டு வா

அக்டோபர் 11, 2024, வெள்ளி - வான்கூவர், கனடா

பெட்டி வரவில்லை. கூட வந்தவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் மூட்டைகளை எடுத்துக்கொண்டு போன பிறகும் ஓடும் பட்டை காலியாகச் சுற்றிக்கொண்டே இருந்தது. அக்காவுக்கு அம்மா கட்டிக்கொடுத்த கருப்பட்டியும் மிதுக்கு வத்தலும் அதில்தான் இருந்தன. இந்தப் பயணத்துக்கென்றே ஊரில் வாங்கிய இரும்பு முனை வைத்த காலணியும் அதில்தான். மரமில்லுக்குள் போக வேண்டுமென்றால் அந்தக் காலணி இல்லாமல் நடக்காது என்று அத்தான் முன்னமே சொல்லியிருந்தார்.

அத்தான் வெளியே காத்திருந்தார். பதினைந்து வருடமாக வடக்கே, பிரின்ஸ் ஜார்ஜ் என்ற ஊரில் மரம் இழைக்கும் ஆலையில் வேலை. அதற்கு முன் என் அப்பாவின் பட்டறையில் கைவேலை பழகியவர். அக்காவைக் கட்டியது அதன் பிறகு. அதனால் அப்பாவுக்கு அவர் மருமகன் மட்டுமில்லை, சிஷ்யன். கையால் தள்ளும் இழைப்புளியை விட்டுவிட்டு எந்திரத்துக்குப் போன சிஷ்யன் என்ற ஒரு சின்ன வருத்தம் அப்பாவுக்கு இன்னும் உண்டு.

நான் கிளம்பும்போது அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அங்க சீவல் எப்படி விழுதுன்னு பாத்துட்டு வா." அவருக்கு 74 வயது. கண் மங்கிவிட்டது. ஒரு பட்டறைக்குள் நுழைந்தால் இன்றும் முதலில் காலடியில் குனிந்து, இழைக்கும்போது உதிர்ந்த ஒரு மரச்சீவலை எடுத்து விரலில் உருட்டிப் பார்ப்பார். உளி எப்படி, மரம் எப்படி, ஆள் எப்படி என்று அதிலேயே அவருக்குத் தெரிந்துவிடும்.

பெட்டி மூன்று நாளில் வீட்டுக்கே வரும் என்றார்கள். எழுதிக்கொண்ட பெண் என் பெயரை இரண்டு முறை உச்சரித்துப் பார்த்துச் சரிபார்த்துக்கொண்டார். அந்த நிதானத்தில் எரிச்சல் பாதி அடங்கியது.

அக்டோபர் 12, சனி - சாலையில் 780 கிலோமீட்டர்

விடியுமுன் கிளம்பி, வந்து சேர இருட்டிவிட்டது. ஹோப் என்ற ஊர் வரைக்கும் பச்சைச் சமவெளி. அதன்பின் ஃபிரேசர் ஆற்றின் பள்ளத்தாக்கு. மலைச்சுவரை ஒட்டிப் போகும் சாலையில் ஒன்றன்பின் ஒன்றாக ஏழு சுரங்கப்பாதைகள், கீழே ஆறு. கேஷ் கிரீக் வந்ததும் திடீரென்று மழையே காணாத மாதிரி வறண்ட குன்றுகள். ஒரே நாளில் மூன்று நாடுகளைக் கடந்த மாதிரி இருந்தது.

மதியம் ஹண்ட்ரட் மைல் ஹவுஸ் என்ற ஊரில் நின்றோம். தங்கம் தேடி ஓடிய காலத்தில் லில்லுவெட்டிலிருந்து நூறாவது மைலில் இருந்த விடுதி, அதுவே ஊர்ப்பெயராகிவிட்டது. சூப்பும் ரொட்டியும் 17 டாலர். பக்கத்து மேசையில் இருந்த லாரி ஓட்டுநர் அத்தானின் தொப்பியைப் பார்த்துவிட்டு, "எந்த மில்?" என்று கேட்டார். கேட்ட விதம் நம் ஊரில் "நீங்க யாரு வீட்டுப் பிள்ள?" என்று கேட்பது போலவே இருந்தது. பதில் வந்ததும் இருவரும் பத்து நிமிடம் பேசினார்கள். எந்த மில் மூடுகிறது, எதில் ஒரு ஷிப்ட் குறைகிறது, யார் பக்கத்து மாகாணமான அல்பெர்ட்டாவுக்குப் போய்விட்டார் என்று. அந்த ஓட்டுநர் எழுந்து போகும்போது எங்கள் காப்பிக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டுப் போயிருந்தார். பரிமாறிய பெண் சொல்லித்தான் தெரிந்தது.

வில்லியம்ஸ் லேக் தாண்டியபின் சாலையோரம் பைன் மரங்கள். நடுநடுவே சாம்பல் நிறத்தில், இலையில்லாமல், நின்றபடியே செத்தவை. அத்தான் வேகத்தைக் குறைத்துக் காட்டினார். ஓர் அரிசி மணி அளவே உள்ள வண்டு. 1990-களில் தொடங்கி இந்தப் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 1.8 கோடி ஹெக்டேருக்கு மேல் காட்டைத் தொட்டுவிட்டுப் போயிருக்கிறது. முன்பெல்லாம் குளிர்காலத்தில் கடுங்குளிர் இறங்கும்போது அந்த வண்டின் புழுக்கள் உறைந்து சாகும். குளிர் தணிந்த வருடங்களில் அவை பிழைத்துக்கொண்டன. வண்டு உடம்பில் ஒட்டிவரும் பூஞ்சை மரத்தின் வெளிச்சதையில் நீலம் பாய்ச்சிவிடும். "நீலம் பாய்ஞ்சா பலம் போயிருமா அத்தான்?" என்றேன். "பலம் போகாது மாப்ளே. பாக்கத்தான் அழுக்கு மாதிரி. ஆனா காய்ஞ்ச மரம். கத்தி வச்சா தூளாப் பறக்கும். அந்தத் தூள்தான் ஆளைக் கொன்னது" என்றார். அதற்குமேல் அன்றைக்கு அவர் அதைப் பற்றிப் பேசவில்லை.

அக்டோபர் 13, ஞாயிறு - பிரின்ஸ் ஜார்ஜ்

காலை ஏழரை வரை இருட்டு. வெளியே 2 டிகிரி. நெச்சாக்கோ ஆறும் ஃபிரேசர் ஆறும் சேரும் இடத்தில் ஊர். காற்று திரும்பும்போது காகிதக்கூழ் ஆலையிலிருந்து அவித்த முட்டை போல ஒரு வாடை வரும். அக்காவுக்கு அது இப்போது தெரிவதே இல்லையாம்.

இரண்டு நெடுஞ்சாலைகள் கூடும் இடத்தில் ஊரின் அடையாளமாக ஒரு பொம்மை நிற்கிறது. மிஸ்டர் பி.ஜி. என்று பெயர். உருட்டுக்கட்டைகளால் செய்த மனிதன் மாதிரி, சுமார் 8 மீட்டர் உயரம். 1960-இல் முதலில் வைத்தபோது மரம்தான். உளுத்துப்போனதால் பிறகு கண்ணாடியிழையிலும் தகட்டிலும் செய்துவிட்டார்கள். நான் தட்டிப் பார்த்தேன். மர ஊரின் காவல்காரன் மரமாக இல்லாதது ஆசாரி வீட்டுப் பிள்ளைக்குக் கொஞ்சம் உறுத்தியது.

பிற்பகல் வீட்டுச்சாமான் கடைக்குப் போனோம். இங்கே வீடு கட்டுவதே டூ-பை-ஃபோர் என்ற சட்டத்தை வைத்துத்தான். எட்டடி நீளம் அன்று 4 டாலரைச் சுற்றி இருந்தது. அத்தான் கையில் அளவுநாடாவைக் கொடுத்து, "அளந்து பாரு" என்றார். இரண்டுக்கு நான்கு அங்குலம் என்று பெயர். இருப்பதோ ஒன்றரைக்கு மூன்றரை. ரம்பத்திலிருந்து வரும்போதே அது முழு இரண்டு அங்குலமாக இருப்பதில்லை. பிறகு காயும்போது கொஞ்சம் சுருங்கும். இழைக்கும்போது நான்கு பக்கமும் கொஞ்சம் போகும். பெயர் மட்டும் பழையபடியே நிற்கிறது. கனஅளவு கணக்குப் போட்டு விற்கும்போதும் பழைய பெயரை வைத்தே பெருக்குகிறார்கள். அப்பா இதைக் கேட்டால், வாங்குகிறவன் சண்டை போடமாட்டானா என்பார். எல்லாரும் ஒரே அளவை ஒப்புக்கொண்டுவிட்டதால் யாரும் சண்டை போடுவதில்லை. எந்த மில்லில் வாங்கினாலும் பக்கத்தில் வைத்தால் மட்டம் பிசகாது. அந்த நம்பிக்கையைக் கொடுப்பது இழைப்பு.

ராத்திரி அக்கா சொதி வைத்தாள். டப்பாவில் வந்த தேங்காய்ப்பால்தான். ஆனாலும் இஞ்சித் துவையலோடு சாப்பிட்டபோது வெளியே இருந்த குளிர் மறந்துபோனது. அக்கா எப்போதும் அத்தானின் வலப்பக்கம் உட்கார்ந்தே பேசுகிறாள் என்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன்.

அக்டோபர் 14, திங்கள் - விடுமுறை

இன்று இங்கே நன்றி சொல்லும் திருநாள். மில் மூடியிருந்தது. பக்கத்து வீட்டு அம்மா வான்கோழிக் கறியும் பூசணி ‘பை’ பலகாரமும் தட்டில் மூடிக்கொண்டு வந்து கொடுத்தார். கிராம்பும் பட்டையும் போட்ட பூசணி. வாய்க்குப் பழக ஒரு துண்டு ஆனது, இரண்டாவது துண்டை நானே கேட்டு வாங்கினேன்.

மாலையில் அத்தான் ஒரு பெரியவரைப் பார்க்கக் கூட்டிப்போனார். பஞ்சாபி, வயது எண்பதுக்கு மேல். அத்தான் இங்கே வந்த புதிதில் மில்லில் சேர வழி காட்டியவர். இந்த மாகாணத்தின் மரமில்களில் சீக்கியர்கள் நூறு வருடத்துக்கு மேலாக உழைத்திருக்கிறார்கள். வான்கூவர் தீவில் மேயோ சிங் என்பவர் மில் வைத்து, அதைச் சுற்றி வந்த ஊருக்குத் தன் பஞ்சாப் கிராமத்தின் பெயரான பால்டி என்பதையே வைத்தார். நாங்கள் பார்க்கப் போனவர் பச்சைப் பலகையைக் கையால் இழுத்தவர். சங்கிலியில் ஊர்ந்து வரும் ஈரப் பலகைகளை அளவு பார்த்து, ஒவ்வொன்றாக இழுத்து, தனித்தனி அடுக்கில் போட வேண்டும். எட்டு மணி நேரமும் அதுதான் வேலை. இப்போது அதை எந்திரமே பிரிக்கிறது.

ஏலக்காய் தட்டிய டீ கொடுத்தார். அவர் பேசிய ஆங்கிலமும் நான் பேசிய ஆங்கிலமும் பாதி வழியில் சந்தித்துக்கொண்டன. இடக்கையில் ஆள்காட்டி விரலின் நுனி இல்லை. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு அவரே அதை விளக்கில் தூக்கிக் காட்டினார். பழைய சின்ன இழைப்பு எந்திரம், 1971. மாட்டிய பலகையைக் கையால் தள்ளப் போனாராம். "எந்திரத்தின்மேல் கோபம் இல்லை. நான்தான் நிறுத்தாமல் கை வைத்தேன்" என்றார். வாசல்வரை வந்து, நாளைக்கு எங்கே எதைத் தொடக்கூடாது என்று என்னிடம் மூன்று முறை சொன்னார். ராத்திரி பெட்டியும் வந்து சேர்ந்தது. கருப்பட்டி ஒன்று மட்டும் உடைந்திருந்தது.

அக்டோபர் 15, செவ்வாய் - பச்சை முக்கோணம்

மில் வாசலில் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

காலணியில் இரும்பு முனை இருந்தது. ஆனால் பச்சை முக்கோணம் இல்லை. இந்த நாட்டில் பாதுகாப்புக் காலணி என்றால் விரலுக்கு மேலே காப்பும், உள்ளங்காலில் ஆணி ஏறாத தகடும் இருந்து, சோதித்து, பச்சை முக்கோணச் சின்னம் தைத்திருக்க வேண்டும். வாசலில் இருந்தவர் குனிந்து என் காலைப் பார்த்தார். மன்னிப்புக் கேட்டார். ஆனால் அசையவில்லை. எனக்காக ஏற்கெனவே தலைக்கவசம், கண்ணாடி, மஞ்சள் மேலங்கி எல்லாம் எடுத்து வைத்திருந்தார். அதையெல்லாம் மறுபடி அலமாரியில் வைத்துவிட்டு, "நாளைக்கு வாருங்கள், இவை இங்கேயே இருக்கும்" என்றார். அத்தான்தான் பாவம், "நான் சொல்லியிருக்கணும் மாப்ளே" என்று நாலு தடவை சொன்னார்.

கடையில் புதுக் காலணி 169 டாலர், வரி தனி. ரூபாயில் பெருக்கிப் பார்க்கக்கூடாது என்று முடிவு செய்துகொண்டேன்.

மீதிப் பகலை நகர நூலகத்திலும், மரக் கட்டிடம் ஒன்றின் முன்னாலும் கழித்தேன். அந்தக் கட்டிடம் 2014-இல் திறந்தது. 29.5 மீட்டர் உயரம், தூணும் தளமும் மரம். பலகைகளை ஒன்றன்மேல் ஒன்று குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிச் செய்த தடித்த தளங்கள். உள்ளே ஒரு தூணைத் தடவிப் பார்த்தேன். இழைத்த மரத்தின் சூடு கைக்குத் தெரிந்தது. வெளியே பனிக்காற்று.

நூலகத்தில் படித்தது: 1828 டிசம்பரில் அமெரிக்காவில் வில்லியம் உட்வொர்த் என்பவர் இழைப்பு எந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். அதற்கு முன்பே இங்கிலாந்தில் பெந்தாம், பிராமா ஆகியோர் செய்திருந்தார்கள். உட்வொர்த் செய்ததில் முக்கியமானது, சுழலும் கத்திகளோடு பலகையை அழுத்திப் பிடித்துத் தள்ளும் உருளைகளையும் சேர்த்ததுதான். அந்த உரிமையை நீட்டி நீட்டி 1856 வரை வைத்திருந்தார்கள். 28 வருடம், நாடு முழுக்க அந்த மாதிரி எந்திரத்தில் பலகை இழைத்தவர்கள் எல்லாரும் உரிமை வைத்திருந்தவர்களுக்குக் கப்பம் கட்டவோ அல்லது நீதிமன்றம் ஏறவோ வேண்டியிருந்தது. பலகையைப் பிடித்துக்கொள்வதுதான் பாதி வேலை என்று அப்பா எப்போதும் சொல்வார். உட்வொர்த்துக்கும் அது தெரிந்திருக்கிறது.

அக்டோபர் 16, புதன் - மில்லுக்குள்

காலை ஆறே முக்கால். புதுக் காலணி குதிகாலைக் கடித்தது. காதுக்குள் பஞ்சு, அதற்கு மேலே மூடி, இரண்டும் சேர்த்து. கையெழுத்துப் போட்டு, அரைமணி நேரம் ஒரு காணொளி பார்த்து, மஞ்சள் கோட்டுக்கு வெளியே கால் வைப்பதில்லை என்று சொன்ன பிறகுதான் கதவு திறந்தது.

முதலில் வருவது வாசனை. உலர்த்தும் அறையிலிருந்து வந்த பலகை அடுக்குகள், ஒவ்வொரு வரிசைக்கும் நடுவே காற்றுப் போக மெல்லிய குச்சிகள் வைத்து அடுக்கியவை. ஸ்ப்ரூஸ், பைன், ஃபர் என்ற மூன்று மரங்களும் கலந்து வரும். ஈரம் 19 சதவீதத்துக்குள் வரும்வரை காயவைத்துவிட்டுத்தான் இங்கே அனுப்புவார்கள். அடுக்கை அப்படியே சாய்க்க ஒரு தூக்கி. பலகைகள் வரிசை வரிசையாகச் சரிய, குச்சிகள் தனியே கீழே விழும். அங்கிருந்து ஒவ்வொன்றாக, ஒன்றின் வாலை இன்னொன்று முட்டியபடி, பிளேனர் என்ற இழைப்பு எந்திரத்துக்குள் ஓடும். இடைவெளி விழுந்தால் பலகையின் முனையில் கத்தி பள்ளம் பறித்துவிடும் என்பதால் அந்த முட்டல் அவசியம்.

பிளேனர் ஒரு தனி அறைக்குள், தடித்த சுவருக்குள் இருந்தது. ஓடும்போது யாரும் உள்ளே போவதில்லை. கண்ணாடி வழியாகத்தான் பார்க்க வேண்டும். அன்று நிமிடத்துக்கு 1,200 அடி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். பதினாறடிப் பலகை என்றால் நிமிடத்துக்கு 75. பலகையாக ஒன்றும் கண்ணுக்குத் தெரியவில்லை. ஒரு மஞ்சள் கோடு நிற்காமல் போகிறது, அவ்வளவுதான். இரண்டு காப்புகளையும் மீறி அந்தச் சத்தம் நெஞ்செலும்பில் கேட்டது. ஒரு பெரிய தேனீக்கூட்டை மார்போடு அணைத்துக்கொண்ட மாதிரி.

எனக்குச் சீவல் தெரியவே இல்லை. அதைத்தானே பார்க்க வந்தேன். கத்தி தொட்ட நொடியிலேயே பெரிய குழாய்கள் எல்லாவற்றையும் உறிஞ்சி மேலே கொண்டுபோய்விடுகின்றன. தரையில் ஒரு பொட்டு இல்லை. ஏன் இவ்வளவு சுத்தம் என்பதை அங்கேதான் அத்தான் சொன்னார். 2012 ஜனவரி 20, மேற்கே பர்ன்ஸ் லேக்கில் ஒரு ரம்பமில் வெடித்தது. இரண்டு பேர் செத்தார்கள். மூன்று மாதம் கழித்து, ஏப்ரல் 23, இதே பிரின்ஸ் ஜார்ஜில் இன்னொரு ரம்பமில். இங்கும் இரண்டு பேர். இரண்டிலும் எரிந்தது காற்றில் மிதந்த நுண்ணிய மரத்தூள். "அன்னைக்கு ராத்திரி சன்னல் அதிர்ந்துச்சு மாப்ளே. உங்க அக்கா என்னைப் போன்ல கூப்பிட்டுக்கிட்டே இருந்தா, நான் வேற ஷிப்ட்" என்றார். இப்போது விட்டத்தின் மேல் தூள் படிந்தாலே வேலையை நிறுத்தித் துடைக்கிறார்கள்.

பத்து மணிக்குக் கத்தி பார்க்க எந்திரத்தை நிறுத்தினார்கள். பிளேனருக்குப் பொறுப்பானவர் முப்பது வயதுப் பெண். உள்ளே வரலாம் என்றார், ஆனால் முதலில் ஒரு சிவப்புப் பூட்டைக் கையில் கொடுத்தார். உள்ளே போகிற ஒவ்வொருவரும் மின் இணைப்பில் தன் பூட்டைத் தானே மாட்டி, சாவியைத் தன் பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். பார்வையாளனாக இருந்தாலும் அப்படித்தான். ஏழு பூட்டுகளுக்கு நடுவே என் பூட்டும் தொங்கியது. என் சாவி என் பையில் இருக்கும்வரை முதலாளியே வந்தாலும் அந்த எந்திரத்தை ஓட்ட முடியாது. விரல்நுனி இல்லாத அந்தப் பெரியவரை நினைத்துக்கொண்டேன். அவர் காலத்தில் அவருக்கு இப்படி ஒரு பூட்டு இருந்திருந்தால்.

உள்ளே முதலில் முள்முள்ளாக அன்னாசிப்பழத் தோல் போன்ற உருளைகள். பெயரும் அன்னாசி உருளைதான். அவைதான் பலகையைக் கவ்வி உள்ளே தள்ளுபவை. அவற்றின் முள் பதிந்த தடத்தைப் பின்னால் வரும் கத்தி சீவி எடுத்துவிடும். அதன்பின் சுழலும் கத்தித் தலைகள்: மேலே ஒரு தலை, கீழே ஒரு தலை, பக்கத்துக்கு ஒன்று. நான்கு பக்கமும் ஒரே ஓட்டத்தில். ஒவ்வொரு தலையிலும் 16 கத்திகள். நிமிடத்துக்கு 3,600 சுற்று. அந்தப் பெண் கரித்துண்டால் ஒரு பலகையிலேயே கணக்குப் போட்டுக் காட்டினார்: ஓர் அங்குலத்துக்கு நான்கு வெட்டு. வீட்டுச் சுவருக்குள் மறையும் சட்டத்துக்கு அது போதும். மேசை செய்யும் பலகைக்குப் பத்துப் பன்னிரண்டாவது வேண்டும்.

எனக்குப் புதிதாகத் தெரிந்தது இது. பதினாறு கத்தியும் ஒரே வட்டத்தில் சுற்ற வேண்டும். ஒன்று மயிரிழை நீட்டிக்கொண்டிருந்தாலும் அது மட்டும்தான் மேற்பரப்பில் கோடு போடும், மற்ற பதினைந்தும் வீணாகச் சுற்றும். கையால் பொருத்தும்போது அந்த அளவு துல்லியம் வராது. அதனால் தலை முழு வேகத்தில் சுற்றும்போதே ஒரு சாணைக்கல்லை மெதுவாக நகர்த்தி, கத்தி முனைகளை லேசாகத் தொடவைக்கிறார்கள். நீட்டிக்கொண்டிருப்பது தேய்ந்து, எல்லாம் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும். ஆனால் ஒவ்வொரு தடவை கல் தொடும்போதும் முனைக்குப் பின்னால் ஒரு தட்டையான விளிம்பு கொஞ்சம் அகலமாகும். அது அதிகமானால் கத்தி மரத்தை வெட்டாமல் இடிக்கும். அப்போது கழற்றிச் சாணைக்கு அனுப்ப வேண்டும். எப்போது போதும் என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். சத்தம் மாறும் என்றார். அப்புறம் கையுறையைக் கழற்றிவிட்டு, வெளியே இழைத்து வந்த ஒரு பலகையின் மேல் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடி, மெதுவாக ஓட்டினார்.

என் அப்பா அதைத்தான் செய்வார். இதே மாதிரி, இடக்கை, கண் மூடி.

மறுபுறம் பலகைகள் தரம் பிரிக்கும் இடத்துக்கு வருகின்றன. அத்தான் முதலில் வேலை பார்த்தது அங்கேதான். ஒரு மேசையின் முன் நின்று, வரும் பலகையைப் புரட்டி, இரண்டு முகமும் பார்த்து, கணு எவ்வளவு, விளிம்பில் பட்டை ஒட்டியிருக்கிறதா, பிளவு எங்கே, கத்தி படாமல் விட்ட இடம் உண்டா என்று இரண்டு மூன்று விநாடிக்குள் முடிவெடுத்து, வண்ணக்கட்டியால் ஒரு குறி போட வேண்டும். இப்போது கேமராவும் லேசரும் பார்க்கின்றன. அத்தான் இப்போது கேமரா சரியாகப் பார்த்ததா என்று எடுத்துப் பார்க்கிறவர். ஒரு பலகையை எடுத்து என்னிடம் காட்டினார். நடுவில் பெரிய கணு. "இது நடுவுல இருக்கு, பரவாயில்ல. இதே கணு ஓரத்துல இருந்தா தரம் இறங்கிரும். சட்டம் வளையும்போது இழுபடுறது ஓரந்தான்." இன்னொன்று நீலம் பாய்ந்தது. அது தரத்தைக் குறைக்காது. முத்திரையில் மில் எண், மர வகை, தரம், உலர்த்தியதற்கும் சூடாக்கியதற்கும் அடையாளம். மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரியில் 30 நிமிடம் இருந்தது என்பதற்கான எழுத்து அது. புழு இந்த நாட்டை விட்டு இன்னொரு நாட்டுக்குப் போகாமல் இருக்க.

மதியச் சாப்பாட்டு அறையில் அக்கா கட்டிக்கொடுத்த புளியோதரையை ஆறு பேர் ருசி பார்த்தார்கள். வத்தலின் பெயரை ஒருவர் கைபேசியில் எழுதி வைத்துக்கொண்டார்.

கிளம்புமுன் அத்தான் வெளியே கூட்டிப்போய், குழாய்க் காற்றிலிருந்து சீவலைப் பிரிக்கும் சுழல் கூம்பின் கீழே நிறுத்தினார். அங்கே லாரியில் கொட்டிக்கொண்டிருந்தது, நான் காலையிலிருந்து தேடியது. முன்பெல்லாம் இதைத் தேன்கூடு போன்ற பெரிய கூம்புச் சூளைகளில் போட்டுச் சும்மா எரிப்பார்களாம். இப்போது சின்னக் குச்சி போன்ற எரிபொருள் கட்டிகளாக அழுத்தி, ஜப்பானுக்கும் இங்கிலாந்துக்கும் கப்பலேற்றுகிறார்கள். ஒரு கை அள்ளிப் பார்த்தேன். சுருள் இல்லை. ஒன்றுகூட இல்லை. விரல்நகம் அளவில், மெல்லியதாக, லேசாகக் குழிந்து, அவல் மாதிரி.

அக்டோபர் 17, வியாழன்

உடம்பு முழுக்க வலி. வேலை ஒன்றும் செய்யாமல் நின்றதற்கே இப்படி. காதில் இன்னும் அந்த ரீங்காரம்.

இங்கே சட்டப்படி எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபல்தான். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். நூறு என்றால் காப்பு இல்லாமல் கால் மணி நேரம். பிளேனர் அறை நூறுக்கும் மேலே. அத்தான் வந்த முதல் வருடங்களில் காப்பைச் சரியாகப் போடவில்லை. பலகை மோதுவது காதில் விழ வேண்டும் என்று ஒரு பக்கத்தைத் தளர்த்தி வைப்பாராம். இடது காது போனது அப்படித்தான். அக்கா வலப்பக்கம் உட்காருவதற்குக் காரணம் அதுதான். அதை அக்கா சொன்னது அத்தான் தோட்டத்தில் இருந்தபோது, மெல்லிய குரலில். மெதுவாகப் பேசத் தேவையே இல்லை என்பது அவளுக்கும் தெரியும்.

வேலை நிலைக்குமா என்ற பேச்சும் வந்தது. 2021 மே மாதத்தில் ஆயிரம் பலகையடி மரத்தின் விலை 1,600 அமெரிக்க டாலரைத் தாண்டியது. இந்த 2024 அக்டோபரில் அதில் மூன்றில் ஒரு பங்குதான் இருந்தது. 2024 ஆகஸ்டில் அமெரிக்கா கனடா மரத்தின் மேலான வரியை 14.4 சதவீதம் ஆக்கியிருந்தது. வெட்ட மரமும் குறைவு. சுற்று வட்டாரத்தில் மில்கள் மூடுகின்றன. அத்தான் இதைப் பற்றிப் புலம்பவில்லை. சம்பளச் சீட்டைக் கோப்பில் வைக்கும்போது மட்டும் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்டோபர் 18, வெள்ளி - முதல் பனி

விடியும்போது வாசலில் சர்க்கரை தூவியது போல் பனி. அத்தானுக்கு மாலை ஷிப்ட். கார் நிற்கும் கொட்டகையைத் திறந்து, விளக்கைப் போட்டு, மூலையில் துணி சுற்றி வைத்திருந்த ஒன்றை எடுத்தார். பூவரச மரத்தில் செய்த இழைப்புளி. வெளிநாடு கிளம்பியபோது அப்பா கொடுத்தது. பிடிக்கும் இடம் கை பட்டுக் கறுத்திருந்தது.

ஏழரை மணி. ஊரில் ராத்திரி எட்டு. அப்பா சாப்பிட்டு முடித்திருப்பார். கூப்பிட்டேன்.

"சீவல் பாத்தியா?"

"பாத்தேன்ப்பா. சுருள் இல்ல. அவல் மாதிரி விழுது."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் கேட்டார். "தூள் கலந்திருந்துச்சா?"

"இல்ல. எல்லாம் அவலாத்தான் இருந்துச்சு."

"அப்போ கத்தி கூர்தான். மழுங்கினா மாவாத்தான் விழும்." அவர் குரலில் ஒரு நிம்மதி கேட்டது. "யாரு கத்தி பாக்கிறது?"

"ஒரு பொண்ணு."

"கை வச்சுப் பாக்காளா?"

"கண்ண மூடிக்கிட்டுப் பாக்காங்கப்பா."

"சரி" என்றார்.

அத்தான் நீலம் பாய்ந்த பைன் சட்டம் ஒன்றை இடுக்கியில் மாட்டிவிட்டு, இழைப்புளியை வைத்து ஒரு தள்ளு தள்ளினார். பத்து வருடமாவது ஆகியிருக்கும் அவர் அதைத் தொட்டு. சீவல் பாதியில் அறுந்தது. "என்ன சத்தம்? மருமகன் இழைக்காரா? போனைப் பக்கத்துல வை" என்றார் அப்பா. மரத்தின் மேலேயே வைத்தேன். இன்னொரு தள்ளு.

"கத்தி வலப்பக்கம் இறங்கியிருக்கு. தட்டச் சொல்லு, மெதுவா, ஒரே தட்டு."

அத்தானுக்கு அது கேட்கவில்லை. இழைப்புளியின் ஓசையும் அவருக்குக் கேட்டிருக்காது. நான் வலப்பக்கம் போய் நின்று, காதருகில் குனிந்து சொன்னேன். தலையாட்டிவிட்டு, சின்னச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டி, கத்தி முனையைக் கண்ணருகே தூக்கி ஒரு கணம் பார்த்து, மறுபடி மரத்தில் வைத்தார்.

இந்த முறை வெள்ளையும் நீலமுமாக, நாலடி நீளத்துக்கு, அறுபடாமல் சுருண்டு வந்து அவர் மணிக்கட்டில் ஏறியது.

"ம்ம்" என்றார் அப்பா, போனுக்குள்ளிருந்து.